துன்பம் யார் அனுப்பியது?



ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பங்கின் எந்தத் தெருவிலும் அது இருக்கலாம். போன மாதம் வரையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த பிள்ளை இன்று பாயில் கிடக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கடன் வாங்கிச் செலவழித்தார்கள், நேர்ச்சையும் வைத்தார்கள். நோய் இறங்கவில்லை. டாக்டர் தகப்பனைத் தனியே அழைத்து மெதுவான குரலில் ஏதோ சொன்னார். அதைத் தாயிடம் சொல்லத் தகப்பனுக்கு நாவெழவில்லை. தாய்க்கு யாரும் சொல்ல வேண்டியதுமில்லை. அவள் சுவரிலிருக்கும் திரு இருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

உறவினரும் அயலாரும் வந்து விசாரிக்கிறார்கள். ஒருத்தி பெருமூச்சு விட்டு, “யார் செய்த பாவமோ, இந்தப் பிஞ்சின் தலையிலே வந்து விடிந்தது” என்கிறாள். இன்னொருத்தி, “அழாதே அம்மா, எல்லாம் ஆண்டவர் சித்தம்” என்கிறாள். இருவரும் நல்ல மனசுள்ளவர்கள். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அவர்கள் விட்டுப்போன அந்த இரண்டு சொற்களும் போகவில்லை. இராத்திரி முழுவதும் தாயின் நெஞ்சில் முள்ளாய்க் குத்துகின்றன. “நான் என்ன பாவம் செய்தேன்? என் பிள்ளை துடிப்பது ஆண்டவருக்கு எப்படிச் சித்தமாயிற்று?”

இந்தக் கேள்வி நம்மில் அநேகருடைய வீட்டுக்குள் ஒருநாள் வந்திருக்கிறது. வராதவர்களுக்கும் இனி வரலாம். அது வந்த பிறகு உட்கார்ந்து யோசிக்க மனசுக்குத் திராணி இராது. ஆகையால், கொஞ்சம் அமைதியாயிருக்கிற இந்த வேளையிலேயே, நம் திருச்சபை இதைப்பற்றி என்ன சொல்லுகிறது, என்ன சொல்லவில்லை என்று சேர்ந்து பார்ப்போம்.

முதலில், “யார் செய்த பாவமோ” என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

இது புதிய சொல்லல்ல. நம் ஆண்டவருடைய சீஷர்களே இதைச் சொன்னார்கள். பிறவிக் குருடனான ஒரு மனிதனை வழியிலே கண்டபோது, இவன் குருடனாய்ப் பிறந்ததற்குக் காரணம் இவனுடைய பாவமா, இவனைப் பெற்றவர்களுடைய பாவமா என்று அவரைக் கேட்டார்கள். அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் 9-ம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம். சேசுநாதர் இரண்டையும் மறுத்துவிட்டார். தேவனுடைய செயல் இவனிடத்தில் விளங்க வேண்டும் என்று மாத்திரம் சொன்னார். சொன்னதோடு நிற்கவுமில்லை. தரையிலே துப்பிச் சேறு உண்டாக்கி, அவன் கண்களில் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவும்படி அனுப்பினார். சீஷர்கள் அவனைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். ஆண்டவரோ அவனைத் தொட்டார்.

அந்த அதிகாரத்தின் பிற்பாதியை நாம் அடிக்கடி மறந்துபோகிறோம். பார்வையடைந்த அந்த மனிதனைப் பரிசேயர் விசாரணை செய்தார்கள். அவன் சொன்ன பதிலுக்கு மறுபதில் கிடைக்காதபோது, நீ பாவத்திலேயே பிறந்தவன் என்று ஏசி, வெளியே தள்ளினார்கள். தள்ளப்பட்டவனை ஆண்டவர் தேடிக்கொண்டு போனார். நோயாளியின் நோயைக் காட்டி அவனைப் பாவி என்று சொல்லுகிறவர்கள் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று அந்த அதிகாரம் நமக்குத் தெளிவாய்க் காட்டுகிறது.

சீலோவாமிலே ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள் என்று அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். அவர்கள் எருசலேமிலுள்ள மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று எண்ணவேண்டாம் என்று ஆண்டவர் சொன்னார். அவர்களைப்பற்றித் தீர்ப்புச் சொல்லுவதை விட்டு, நீங்கள் மனந்திரும்புங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கமே பேச்சைத் திருப்பினார்.

பழைய ஏற்பாட்டில் யோபுவின் சரித்திரம் இருக்கிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்த அவனிடத்தில் மூன்று சிநேகிதர் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையிலே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றே. பிறகு வாயைத் திறந்தார்கள். அதிகாரம் அதிகாரமாய்ப் பேசினார்கள். நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இந்தத் தண்டனை என்பதே அவர்கள் பேச்சின் சாரம். கடைசியில் சர்வேசுரன் யாரைக் கோபித்துக்கொண்டார் தெரியுமா? அழுது, முறையிட்டு, தம்மோடு வழக்காடிய யோபுவை அல்ல. தமக்காக வக்காலத்து வாங்கிப் பேசியதாக நினைத்துக்கொண்டிருந்த அந்தச் சிநேகிதர்களைத்தான் கோபித்துக்கொண்டார். யோபு அவர்களுக்காக வேண்டிக்கொள்ளும்படியாயிற்று.

“அப்படியானால் பாவத்துக்கும் துன்பத்துக்கும் சம்பந்தமே இல்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவன் தன் செய்கையின் பலனை அனுபவிக்கிறான். அவன் மனைவி மக்கள் படுகிற பசியோ அவனுடைய பாவத்தின் பலன். அவர்களுடைய பாவத்தின் பலன் அல்ல. முதல் பாவத்தினாலே இந்த உலகத்துக்குள் துன்பமும் மரணமும் நுழைந்தன என்று நம் வேதம் போதிக்கிறது. ஆனால், ஒருவனுடைய நோயைப் பார்த்து அதிலிருந்து அவனுடைய பாவத்தைக் கணக்கிட எந்த மனிதனுக்கும் அதிகாரமில்லை. அந்தக் கணக்கை ஆண்டவரே போட மறுத்திருக்க, நாம் யார் போடுவதற்கு?

இரண்டாவது சொல், “எல்லாம் ஆண்டவர் சித்தம்” என்பது. இதை இவ்வளவு சுலபமாய்த் தள்ளிவிட முடியாது. ஏனெனில் இதில் உண்மை இருக்கிறது. ஆயினும் கூரான கத்தியைப் பிடிக்கிறவன் பிடிக்கிற இடம் தெரிந்து பிடிக்க வேண்டுமல்லவா? இந்தச் சொல்லும் அப்படிப்பட்டதே. இதை எந்த இடத்தில் பிடிப்பது என்பதற்கு ஓர் அர்ச்சிஷ்டவருடைய சரித்திரத்தைச் சொல்லுகிறேன்.

பெல்ஜியம் நாட்டில் திரெமெலோ என்ற ஊரில், 1840-ம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ந் தேதி, ஒரு தானிய வியாபாரியின் மகனாகப் பிறந்தவர் யோசேப் தெ வெஸ்டர். சேசு மரியாயின் திரு இருதயங்களின் சபையிலே சேர்ந்து, தமியான் என்ற பெயரைத் தரித்துக்கொண்டார். ஹவாய்த் தீவுகளுக்கு வேதபோதகராய்ப் போக வேண்டியவர் அவர் அல்ல, அவருடைய தமையன். தமையன் காய்ச்சலில் விழுந்ததால், தம்பி அவருக்குப் பதிலாகக் கப்பலேறி, 1864-ல் ஹொனலூலு சேர்ந்து, அவ்வருஷமே குருப்பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் அந்தத் தீவுகளில் தொழுநோய் பரவிக்கொண்டிருந்தது. நம் முன்னோர் பெருநோய் என்றும் குஷ்டரோகம் என்றும் சொல்லி நடுங்கிய வியாதி அது. மருந்து கிடையாது. ஆகையால் 1865-ல் ஒரு சட்டம் செய்து, 1866 முதல் நோயாளிகளைப் பிடித்து, மொலோக்காய்த் தீவிலே ஒரு பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று புறம் கடல். ஒரு புறம் செங்குத்தான பெரும் பாறை. புருஷனிடமிருந்து மனைவியையும், தாயிடமிருந்து பிள்ளையையும் பிரித்துக் கொண்டுபோனார்கள். இந்தப் பிரித்துவைக்கும் வழக்கம் 1969-ல் தான் முற்றும் நின்றது. அதற்குள் ஏறக்குறைய 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டிருந்தார்கள்.

1873-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி தமியான் சுவாமியார் தாமாகவே கேட்டுக்கொண்டு அங்கே போனார். அப்போது அவருக்கு வயது 33. முதலிலே ஒரு தாழை மரத்தடியில்தான் படுத்தார். அங்கே போய் அவர் என்ன செய்தார்? நோயாளிகளைக் கூட்டி உட்கார வைத்து, “இதெல்லாம் தேவ சித்தம், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று பிரசங்கம் செய்துவிட்டுத் திரும்பினாரா? இல்லை. மரம் வெட்டி வீடு கட்டினார். மலைச் சுனையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். புண்ணைக் கழுவிக் கட்டினார். அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். சவப்பெட்டியைத் தம் கையாலே செய்து, குழி வெட்டி, மரியாதையோடு அடக்கம் செய்தார். பலகைக்கும் துணிக்கும் மருந்துக்குமாக அதிகாரிகளுக்கு ஓயாமல் எழுதி, அவர்களுடைய சலிப்பையும் சம்பாதித்துக்கொண்டார். பிரசங்கத்திலே “நீங்கள்” என்று சொல்லாமல், தொழுநோயாளராகிய “நாம்” என்று சொல்லுவது அவருடைய வழக்கம்.

ஒருமுறை அவருடைய சபைத் தலைவர் அவரைப் பார்க்கக் கப்பலில் வந்தார். கப்பல் தலைவன் அவரை இறங்கவிடவுமில்லை, இவரை ஏறவிடவுமில்லை. தமியான் சுவாமியார் ஒரு படகிலே கப்பலருகே போய், மற்றவர்கள் கேட்கத்தக்கதாக, கீழேயிருந்து உரத்த குரலில் தம்முடைய பாவசங்கீர்த்தனத்தைச் செய்தார். மூடிய கூண்டில் மெதுவாய்ச் சொல்லவே தயங்குகிற நாம் இதைச் சற்று யோசிக்கலாம்.

1884-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒருநாள், களைத்துப் போன காலை வெந்நீரில் வைத்தார். தோல் கொப்புளித்தது, அவருக்கோ ஒன்றும் உறைக்கவில்லை. அதைக் கண்டுதான் நோய் தமக்கும் வந்துவிட்டதென்று அவர் உறுதியாய் அறிந்தார். இன்னும் நாலு வருஷத்துக்கு மேல் அந்த உடம்போடே வேலை செய்து, 1889-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ந் தேதி, தமது 49-வது வயதில் மரித்தார். தாம் முதலில் படுத்திருந்த அந்தத் தாழை மரத்தடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இப்போது கவனியுங்கள். அவர் மரித்தபின்னும் “யார் செய்த பாவமோ” என்ற சொல் அவரை விடவில்லை. அக்காலத்து வைத்தியரிலேயே சிலர் தொழுநோயை ஒழுக்கக்கேட்டினால் வரும் வியாதியோடு சேர்த்து எண்ணினார்கள். ஹொனலூலுவில் இருந்த ஒரு போதகர், இவருக்கு நோய் வந்தது இவருடைய கெட்ட நடத்தையினால்தான் என்று எழுதினார். அது அச்சிலும் வந்தது. அதைக் கண்டு பொங்கியெழுந்து, 1890-ல் பகிரங்கமாய்ப் பதில் எழுதியவர் ராபர்ட் லூயி ஸ்டீவென்சன் என்ற பேர்போன நூலாசிரியர். அவர் கத்தோலிக்கர் அல்ல. ஆனால் தமியான் சுவாமியார் மரித்த சில வாரங்களுக்குள் மொலோக்காய்க்குப் போய், அங்குள்ளவர்களோடு பழகி, விசாரித்து வந்தவர். தாமும் தீராத நோயாளி. பாயில் கிடந்து பழகினவனுக்கு நோயாளியைப் பழிப்பதன் கொடுமை தெரியும்.

1888-ல் மரியான் கோப் என்ற பிரான்சிஸ்கு சபைத் தாயார் இரண்டு கன்னியரோடு அதே இடத்துக்கு வந்து, 1918-ல் மரிக்கும் வரையில் முப்பது வருஷம் அதே நோயாளிகளுக்கு ஊழியம் செய்தார்கள். அவர்களை அந்த நோய் தொடவில்லை. தமியான் சுவாமியாருக்கு 16-ம் ஆசீர்வாதப்பர் என்னும் பரிசுத்த பிதா 2009-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி அர்ச்சிஷ்ட பட்டம் அளித்தார். மரியான் தாயாருக்கு 2012-ல் அளித்தார். ஒரே ஊர், ஒரே ஊழியம், ஒரே ஆண்டவர். ஒருவருக்கு நோய் வந்தது, ஒருவருக்கு வரவில்லை. இருவரும் அர்ச்சிஷ்டவர்கள். நோய் வந்தது தண்டனை என்று சொல்லுகிறவர்களும், நோய் வராதது புண்ணியத்தின் பலன் என்று சொல்லுகிறவர்களும் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

ஆகவே “ஆண்டவர் சித்தம்” என்பதைச் சரியாகப் பிடிப்பது எப்படி? நம் திருச்சபையின் வேதசாஸ்திரிகள் ஒரு பேதத்தைச் சொல்லுவார்கள். சர்வேசுரன் விரும்புகிறது ஒன்று. அவர் அனுமதிக்கிறது ஒன்று. பிள்ளையின் உடம்பு நோவதை அவர் விரும்புகிறவரல்ல. அவர் விரும்புகிறவராயிருந்தால், சுவிசேஷத்தில் தம்மிடம் கொண்டுவரப்பட்ட நோயாளிகளுக்கு சேசுநாதர், நோய் உனக்கு நல்லது, திரும்பிப் போ என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒருவனுக்காவது சொன்னாரா? தொட்டார், சுகமாக்கினார். லாசருடைய கல்லறை அண்டையில், இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதார். தீமையை ஆண்டவர் அனுமதிப்பது, அதிலிருந்தும் நன்மையை வருவிக்க வல்லவராயிருப்பதால்தான் என்பது அர்ச். அகுஸ்தீனாருடைய போதகம்.

தமியான் சுவாமியார் மொலோக்காய்க்குப் போன அதே 1873-ம் ஆண்டிலே, நார்வே நாட்டில் பெர்கன் நகரத்தில் ஹான்சன் என்ற வைத்தியர், தொழுநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். சாபமென்றும் வம்சத்தின் குற்றமென்றும் ஜனங்கள் எண்ணியிருந்தது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் வேலையாய்ப் போயிற்று. இன்று ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை மருந்து சாப்பிட்டால் அந்த நோய் குணமாகிறது. தேவ சித்தம் என்று சொல்லி எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த மருந்து வந்திருக்குமா? தமியான் சுவாமியாருடைய சம்மட்டியிலும், ஹான்சனுடைய பூதக்கண்ணாடியிலும் தேவ சித்தம் வேலை செய்தது. நோய் வந்ததில் மாத்திரம் அவர் சித்தத்தைப் பார்த்து, நோயைத் தீர்ப்பதில் அதைப் பாராதவன் பாதி வேதத்தைத்தான் படித்தவன்.

நம் நாட்டிலே நடந்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கொல்லிமலையிலே வேதபோதக ஊழியம் செய்த ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்டு. அவர் நம் பிரிந்த சகோதரரைச் சேர்ந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளருடைய மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். நோயாளிகளின் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் கூடவேயிருந்து கவனித்தார். ஒரு பையன், பெரியவர்களாலேயே திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டைத் திருகித் திறந்தான், சாவி விரலை எலும்புவரை அறுத்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. இராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்துத் தின்றது; தூங்கினவன் விழிக்கவில்லை. நோய் விரலைத் தின்னவில்லை. வலி தெரியாமற்போனதே விரலைத் தின்றது என்று கண்டுகொண்டார். எலியைத் தடுக்க நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தார்!

பிற்பாடு அவர் அமெரிக்காவில், வலிக்குப் பதிலாக எச்சரிக்கை செய்கிற கருவி ஒன்றைச் செய்து, நோயாளிகளின் கையில் மாட்டிப் பார்த்தார். அது பலிக்கவில்லை. ஏன்? அவசரமாய் ஒரு வேலையை முடிக்க வேண்டுமென்று தோன்றினால், அவர்கள் அந்தக் கருவியை நிறுத்திவிட்டு வேலையைச் செய்தார்கள். நிறுத்திவிட முடிகிற வலி நம்மைக் காப்பாற்றாது என்று அவர் அறிந்தார். வாழ்நாளெல்லாம் நோயாளிகளின் வேதனையைத் தீர்க்க உழைத்த அந்த வைத்தியர், வலி என்பது ஒருவரும் விரும்பாத ஒரு கொடை என்று சொல்லிவந்தார்.

இதிலே படைப்பின் ஞானம் ஒன்று நமக்குத் தெரிகிறது. அதற்காக ஸ்தோத்திரம் செய்யலாம். ஆனால் நேர்மையாய்ப் பேசுவோம். முள் குத்தினால் வலிப்பது முள்ளை எடுக்கத்தான். முள்ளை எடுத்தபிறகும் வலித்தால்? எடுக்கவே முடியாத முள்ளாயிருந்தால்? பாயிலே கிடக்கிற அந்தப் பிள்ளையின் தாயிடம் போய், வலி ஓர் எச்சரிக்கை என்று சொன்னால் அவளுக்கு என்ன ஆறுதல்? இவ்விடத்தில் காரணம் சொல்லுகிற புத்தி நின்றுபோகிறது. இதற்கு மேலே நம்மை நடத்திக்கொண்டு போகிறது சிலுவை ஒன்றே.

சிலுவையை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்; பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். பூங்காவனத்திலே சேசுநாதர் என்ன வேண்டிக்கொண்டார்? இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி வேண்டிக்கொண்டார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. ஆகையால், ஆண்டவரே, இந்த நோயை எடுத்துவிடும் என்று அழுது கேட்பது அவிசுவாசம் அல்ல. தேவ சுதனே அப்படிக் கேட்டார். பிதாவின் சித்தத்துக்கு அமைந்தது அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான். முதலிலே கேட்க விடாமல், நேரே அமைந்து போ என்று பிறருக்குச் சொல்லுகிறவர்கள் ஆண்டவரைவிட அவசரக்காரர்கள். சிலுவையிலே தாம் கைவிடப்பட்டதாக உரத்த சத்தமாய்க் கூப்பிட்டார். அந்தக் கூக்குரலையும் பிதா கேட்டார். உத்தானமான பிறகு தம்முடைய மகிமையான சரீரத்திலும் காயங்களை அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு, அவைகளைத் தோமையாருக்குக் காட்டினார்.

துன்பம் ஏன் என்ற கேள்விக்குச் சர்வேசுரன் ஒரு நீண்ட விளக்கத்தை அனுப்பவில்லை. தம்முடைய குமாரனையே அனுப்பினார். நம்மை ஒரு கரையில் துடிக்கவிட்டு, தாம் மறு கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இந்தக் கரைக்கே வந்தார். தமியான் சுவாமியார் மொலோக்காயில் இறங்கி “நாம்” என்று சொன்னாரே, அந்தச் சொல்லை அவர் பெத்லேகமிலும் கல்வாரியிலும்தான் கற்றுக்கொண்டார்.

அதனாலேதான் நம் துன்பத்துக்கு ஒரு பலன் உண்டாகிறது. கிறீஸ்துநாதருடைய பாடுகளில் குறையாயிருப்பதைத் தமது சரீரத்தில் நிறைவேற்றுவதாக அர்ச். சின்னப்பர் கொலோசையருக்கு எழுதினார். அவருடைய பாடுகளில் குறை ஒன்றுமில்லை. நம்முடைய பங்கு ஒன்றுதான் குறை. மூட்டை சுமக்கிற தகப்பன் பின்னாலே ஓடுகிற சிறு பிள்ளை, “நானும் பிடிக்கிறேன், அப்பா” என்று மூட்டையின் ஒரு முனையைத் தொடுகிறது. பாரத்தைச் சுமக்கிறவர் தகப்பன்தான். ஆனாலும் அந்தக் கையை அவர் தட்டிவிடுகிறதில்லை. பத்து வருஷமாய்ப் படுக்கையைவிட்டு எழுந்திராத பாட்டி ஒருத்தி, ஜெபமாலையை விரலில் பிடித்துக்கொண்டு, இன்றைய வலியைக் குடிகாரனான தன் பேரனுக்காக ஒப்புக்கொடுக்கிறாள். உலகத்தின் கணக்கில் அவள் ஒரு வேலைக்கும் உதவாதவள். பூசையிலே காசாவில் விடப்படுகிற ஒரு துளித் தண்ணீரைப்போல, அவளுடைய வலி கிறீஸ்துநாதருடைய பலியோடு சேர்ந்துவிடுகிறது. இனி அதைப் பிரித்தெடுக்க முடியாது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஒப்புக்கொடுக்கிறவன் தன்னுடையதைத்தான் ஒப்புக்கொடுக்க முடியும். பிறருடைய துன்பத்தை நாம் ஒப்புக்கொடுத்துவிட முடியாது. புருஷனிடம் அடிபடுகிற பெண் அழுதுகொண்டு வரும்போது, “அது உன் சிலுவை, சுமந்துகொள்” என்று சொல்லித் திருப்பியனுப்புவது வேத போதகம் அல்ல. கல்வாரி வழியிலே சீரேனே ஊரானாகிய சீமோன் ஆண்டவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சிலுவையின் கீழே தன் தோளைக் கொடுத்தான். கூலி கிடைக்காத ஏழையிடம் பொறுமையைப்பற்றிப் பேசுகிறவன், முதலில் அவனுடைய கூலியைக் கொடுக்கட்டும். நம்முடைய துன்பத்துக்குப் பொறுமை. பிறருடைய துன்பத்துக்கு உதவி. இந்த இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளுகிறவன் வேதத்தையே தலைகீழாய்ப் பிடிக்கிறான்.

பரிசுத்த பிதா இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ல் துப்பாக்கியால் சுடப்பட்டு, சாவின் வாசல்வரையில் போய்த் திரும்பினவர். 1984-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 11-ந் தேதி, லூர்து மாதா திருநாளன்று, மனிதருடைய துன்பத்தைப்பற்றி ஒரு நிருபம் எழுதினார். பலநாள் நோயினால் கையும் குரலும் நடுங்கி, 2005-ல் அவர் மரித்ததை உலகமெல்லாம் கண்டது. அந்த நிருபத்தின் முடிவிலே நல்ல சமாரித்தனைப்பற்றி எழுதி, இரண்டு கடமைகளைச் சேர்த்துச் சொல்லுகிறார். துன்பப்படுகிறவன் தன் துன்பத்தினால் நன்மை செய்யவேண்டும். துன்பப்படுகிறவனுக்கு நாம் நன்மை செய்யவேண்டும். இரண்டையும் கற்பித்தவர் கிறீஸ்துநாதரே.

இனி, நாம் விட்டுவந்த அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவோம். மூன்றாவதாக ஒருத்தி வருகிறாள். அவள் அதிகம் படித்தவள் அல்ல. “அக்கா” என்று கூப்பிட்டு, தாயின் பக்கத்தில் தரையிலே உட்காருகிறாள். ஒன்றும் பேசவில்லை. தாய் அழும்போது அவளும் அழுகிறாள். பிறகு எழுந்து, அடுப்பை மூட்டிக் கஞ்சி வைக்கிறாள். மற்றப் பிள்ளைகளைத் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். “அண்ணா, நேற்றெல்லாம் கண்மூடவில்லை நீங்கள், கொஞ்சம் படுங்கள், நான் பார்த்துக்கொள்ளுகிறேன்” என்று தகப்பனுக்குச் சொல்லுகிறாள். சாயங்காலம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்ல முடியாத ஜெபத்தைத் தானே சொல்லுகிறாள். “ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார்?” என்று தாய் கேட்டபோது, “எனக்குத் தெரியவில்லை, அக்கா. ஆனால் அவர் இங்கேதான் இருக்கிறார்” என்று சொல்லுகிறாள்.

பிறவிக் குருடனிடத்தில் விளங்கவேண்டுமென்று ஆண்டவர் சொன்ன தேவனுடைய செயல் அந்த வீட்டிலும் விளங்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளை பிழைக்குமோ பிழைக்காதோ, நமக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தாய் இனித் தனியாயில்லை.

இந்த வாரத்திலே நமக்கு இரண்டு காரியங்கள். துன்பத்தில் இருப்பவர்களே, நீங்கள் ஆண்டவரிடம் தாராளமாய் அழுங்கள்; கேளுங்கள்; வைத்தியமும் செய்துகொள்ளுங்கள். பிறகு, உங்களால் முடிந்த நாளில், முடிந்த அளவு, அன்றைய வலியை ஒருவருக்காக ஒப்புக்கொடுங்கள். முடியாத நாளில் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருங்கள்; அதுவும் ஜெபந்தான். சுகமாயிருப்பவர்களே, உங்கள் தெருவிலே நோயாளி இருக்கிற ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஞாயிறு பூசைக்குள் அங்கே ஒருமுறை போய்வாருங்கள். காரணம் சொல்லாதீர்கள். தீர்ப்புச் சொல்லாதீர்கள். கையிலே ஏதாவது கொண்டுபோங்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

சிலுவையில் அறையுண்ட சேசுவே, எங்களுக்கு விளங்காததை விளங்கினதாகச் சொல்லாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். உமது சிலுவையடியில் நின்ற வியாகுல மாதாவைப்போல, நோயாளிகளின் அருகில் அசையாமல் நிற்க எங்களுக்குத் தைரியம் தாரும். எங்கள் முறை வரும்போது, நீர் எங்கள் அருகில் நிற்பதை நாங்கள் அறியச் செய்தருளும். ஆமென்.